மொட்டைமாடிக் கம்பமும் பாய்மர உச்சியும்

அம்பத்தூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இருபது அடி ஜி.ஐ. பைப் ஒன்று இன்னும் நிற்கிறது. துருப்பிடித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, துணிக்கொடியின் ஒரு முனையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. எண்பதுகளில் அதன் தலையில் மீன்முள் போல ஓர் ஆண்டெனா இருந்தது. அதற்குக் கீழே ஒரு பூஸ்டர். தூர்தர்ஷனுக்கு அவ்வளவு உயரம் வேண்டியதில்லை. இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாகினிக்காக ஏற்றியது அது. இலங்கையின் பிதுருதலாகல மலையுச்சியிலிருந்து கிளம்பும் அலை ஏறக்குறைய 680 கி.மீ. தாண்டி வரவேண்டும். கோடை இரவுகளில் கடல்மேல் காற்றடுக்குகள் மனம்வைத்தால் கிரிக்கெட் தெரியும். இல்லாவிட்டால் திரை முழுக்கப் புள்ளி மழை. தெருவில் எவர் வீட்டுக் கம்பம் உயரமோ அவர் வீட்டில்தான் கூட்டம். மாடியில் ஒருவர் பைப்பைத் திருப்ப, கீழே ஜன்னலிலிருந்து ஒருவர் "இப்ப வருது... ஐயோ போச்சு, பழையபடி வை" என்று கத்த, ஒரு தலைமுறை முழுக்க ஒரே பாடத்தை மனப்பாடம் செய்தது: ஆண்டெனா என்றால் உயரம்.

அந்தப் பாடம் தவறில்லை. ஆனால் அது எல்லா ஆண்டெனாவுக்கும் பொருந்தாது என்பது எனக்குத் தெரியவந்தது ஒரு படகில்.

ஆவடி டாங்க் ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர். அவருக்குத் தெரிந்தவரிடம் ஒன்பது மீட்டர் நீளத்தில் ஒரு பழைய பாய்மரப் படகு உண்டு. ஞாயிறு விடிகாலையில் ஆவடியிலிருந்து பீச் ரயிலைப் பிடித்துத் துறைமுகத்துக்குப் போய், கயிறு இழுத்து, பாய் ஏற்றிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவார். படகுக்குப் புதிதாக ஒரு ஜி.பி.எஸ். வாங்கினார்கள். அதன் ஆண்டெனா தனி; உள்ளங்கை அளவில், வெள்ளைக் காளான் மாதிரி. எங்கே பொருத்துவது என்று என்னைக் கேட்டார். கேள்வியிலேயே விடையும் இருந்தது: "மரத்து உச்சியில வெச்சிட்டா நல்லா எடுக்கும்தானே சார்?"

எடுக்கும் என்றுதான் நானும் சொன்னேன். எங்கள் இருவருக்கும் மண்டைக்குள் அந்த இருபது அடி பைப்தான் நின்றுகொண்டிருந்தது.

கிடையாக வருவதும் செங்குத்தாக வருவதும்

தொலைக்காட்சி அலை தரையை ஒட்டிக் கிடையாக வருகிறது. வழியில் வீடு, மரம், கடைசியில் பூமியின் வளைவே குறுக்கே நிற்கிறது. பத்து மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் தொடுவானம் பதினொரு கி.மீ. தூரத்தில், கம்பத்தை ஏற்ற ஏற்ற அது விலகிப்போகும். அதனால்தான் உயரத்துக்கு மதிப்பு. படகில் பேசுவதற்கு வைக்கும் வி.எச்.எஃப். ரேடியோவின் ஆண்டெனாவை இன்றும் பாய்மரத்தின் உச்சியில்தான் கட்டுகிறார்கள். இன்னொரு படகோ கரையோ அந்தத் தொடுவானத்துக்குள் இருந்தாக வேண்டும்.

ஜி.பி.எஸ். அலையோ மேலிருந்து இறங்குகிறது. செயற்கைக்கோள்கள் தரையிலிருந்து ஏறக்குறைய 20,200 கி.மீ. உயரத்தில், பூமத்தியரேகைக்கு 55 டிகிரி சாய்ந்த ஆறு தடங்களில் சுற்றுகின்றன. 20,200 கிலோமீட்டரில் பாய்மரத்தின் பன்னிரண்டு மீட்டரை மிச்சப்படுத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை. இந்தியக் கடற்படையின் தாரிணி என்ற 17 மீட்டர் பாய்மரப் படகில் தில்னா, புதுச்சேரிப் பெண்ணான ரூபா ஆகிய இரு அதிகாரிகள் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றிவிட்டு 2025 மே 29 அன்று திரும்பினார்கள். வழியில் பசிபிக் கடலின் 'பாயிண்ட் நீமோ'வைக் கடந்தார்கள். எந்தக் கரைக்கும் மிகத் தொலைவான இடம் அது. அருகிலுள்ள நிலமே சுமார் 2,688 கி.மீ. தூரம். அங்கேயும் தலைக்கு மேலிருக்கும் ஜி.பி.எஸ். கோளின் உயரம் அம்பத்தூரில் உள்ள அதே உயரம்தான். இந்த ஆண்டெனாவுக்கு அக்கம்பக்கம் வேண்டாம். வானம் திறந்திருந்தால் போதும்.

ஆனால் அந்தத் திறப்பைக் கண்டிப்பாகக் கேட்கும். ஏனென்றால் வருகிற அலையின் பலம் அவ்வளவு குறைவு. கோளிலிருந்து கிளம்பும்போது அதன் ஆற்றல் சில பத்து வாட். பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. பூமியின் பாதி முகத்தில் அதைத் தெளித்தால் நம் ஆண்டெனாவின் மேல் விழுவது ஒரு வாட்டில் பத்தாயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு. ரிசீவருக்குள்ளேயே எழும் மின் இரைச்சலைவிடச் சுமார் நூறு மடங்கு தாழ்ந்த குரல் அது.

பிறகு எப்படிக் கேட்கிறது? பூந்தமல்லி பஸ் நிலையத்தில் நின்றவர்களுக்குப் புரியும். ஹாரன், இளநீர்க்காரர் கூவல், பக்திப் பாட்டு எல்லாம் கலந்த சத்தத்தில் ஷேர் ஆட்டோக்காரர் "ஆவடி ஆவடி ஆவடி" என்று விடாமல் சொல்கிறார். ஒருமுறை சொன்னால் காதில் விழாது. அதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதாலும், அந்தச் சொல்லை நாம் எதிர்பார்த்து நிற்பதாலும் பிடித்துக்கொள்கிறோம். ஒவ்வொரு ஜி.பி.எஸ். கோளும் தனக்கே உரிய 1,023 துணுக்குகள் கொண்ட ஒரு வரிசையை ஆயிரத்தில் ஒரு நொடிக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டே இருக்கிறது. ரிசீவரிடம் அதன் நகல் இருக்கிறது. நகலை நகர்த்தி நகர்த்திப் பொருத்திப் பார்க்கிறது. பொருந்தும் இடத்தில் குரல் இரைச்சலுக்கு மேலே எழுகிறது. எவ்வளவு நகர்த்த வேண்டியிருந்தது என்பதுதான் அலை வந்த நேரம். நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம். ஒரு மைக்ரோநொடி தவறினால் 300 மீட்டர் தவறும். நான்கு கோள்களின் தூரம் கிடைத்தால் இடத்தின் மூன்று அளவுகளையும், ரிசீவர் கடிகாரத்தின் பிசகையும் சேர்த்துக் கணக்கிட்டுவிடலாம்.

அந்த நான்கும் வானத்தின் ஒரே மூலையில் குவிந்திருந்தால் கணக்கு தளர்ந்துவிடும். நான்கு பக்கமும் கயிறு கட்டிய பந்தல் அசையாது. நான்கு கயிற்றையும் ஒரே பக்கம் இழுத்துக் கட்டினால் ஆடும். ஆக, வானத்தின் ஒரு பாதி மட்டும் தெரிந்தால் போதாது. சுற்றிலும் பரவலாகத் தெரிய வேண்டும்.

இதுவரை கேட்டால் பாய்மர உச்சிதான் சரியான இடம் என்று தோன்றும். அங்கே மறைக்க ஒன்றுமில்லை. சிக்கல் வேறு பக்கமிருந்து வருகிறது.

ஊஞ்சலின் நுனியில் ஒரு வேகமானி

ஜி.பி.எஸ். இடத்தை மட்டும் சொல்வதில்லை; வேகத்தையும் திசையையும் சொல்கிறது. வேகத்தை அது அறியும் வழி அலாதி. அம்பத்தூர் ஸ்டேஷனில் நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் ரயிலின் ஹாரன், நம்மை நெருங்கும்போது கீச்சென்றும் கடந்து போகும்போது தடித்தும் ஒலிக்கும். ரேடியோ அலைக்கும் இதே விதிதான். ஆண்டெனா கோளை நோக்கி நகர்ந்தால் அலையின் அதிர்வெண் ஒரு நூல் ஏறும், விலகினால் இறங்கும். அந்த நூலை அளந்து ரிசீவர் வேகத்தைக் கணக்கிடுகிறது. நொடிக்குச் சில சென்டிமீட்டர் நகர்ந்தாலும் கண்டுபிடிக்கும் அளவுக்கு நுணுக்கமான காது.

நுணுக்கமான அந்தக் காதைப் பன்னிரண்டு மீட்டர் கம்பத்தின் நுனியில் கட்டினால் என்ன ஆகும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பக்கவாட்டில் அலை அடிக்கும் ஒரு நாளில் படகு இருபுறமும் பதினைந்து டிகிரி சாய்ந்து சாய்ந்து எழுகிறது. ஒரு முழு ஆட்டத்துக்கு நான்கு நொடி என்று கொள்வோம். பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கும் உச்சி நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 3.1 மீட்டர் போய்வரும். நடுக்கோட்டைக் கடக்கும் கணத்தில் அதன் வேகம் நொடிக்கு 4.9 மீட்டர், மணிக்கு 17 கி.மீ.க்குச் சற்று மேல். கடல்கணக்கில் ஒன்பதரை நாட். ஒன்பது மீட்டர் படகு நல்ல காற்றில் ஓடும் வேகமே ஐந்தாறு நாட்தான். அதாவது படகு போகும் வேகத்தைவிட ஆண்டெனா பக்கவாட்டில் ஆடும் வேகம் அதிகம்! நங்கூரம் போட்டு நிற்கும் படகைத் திரை ஓடவைக்கும். ஓடுகிற படகின் திசையை நொடிக்கொருமுறை மாற்றிச் சொல்லும். அந்த எண்ணை நம்பித் தானியங்கிச் சுக்கானை விட்டால் குடித்தவன் சைக்கிள் ஓட்டிய மாதிரிதான்.

அதே ஆண்டெனாவைப் படகின் பின்புறக் கைப்பிடிக் கம்பியில், சாயும் அச்சிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் வைத்தால்? ஆட்டம் பக்கத்துக்கு 39 சென்டிமீட்டர். உச்ச வேகம் ஒன்றேகால் நாட். உயரத்தை எட்டில் ஒன்றாக்கினால் பொய் வேகமும் எட்டில் ஒன்றாகிறது. ஊஞ்சல் ஆடும்போது பலகையின் நுனியில் உட்கார்ந்தவருக்குத்தான் காற்று முகத்தில் அடிக்கும். சங்கிலி மாட்டிய கொக்கி கிட்டத்தட்ட அசைவதே இல்லை. இது அதே கணக்கு, தலைகீழாக.

ரிசீவர்கள் சில நொடிகளின் சராசரியை எடுத்து இந்த ஆட்டத்தைச் சமனாக்கப் பார்க்கும்தான். ஆனால் சராசரிக்கும் ஒரு விலை உண்டு: படகு உண்மையிலேயே திரும்பும்போதும் தாமதமாகத்தான் சொல்லும். கருவி செய்த தவறை மென்பொருள் கழுவுவதைவிட, தவறே வராத இடத்தில் கருவியை வைப்பது மேல்.

உச்சிக்கு எதிராக இன்னும் இரண்டு. ஒன்று, கேபிள். இந்த அதிர்வெண்ணில் மெல்லிய கேபிள் ஐந்து மீட்டருக்கே அலையின் பாதியைத் தின்றுவிடும். காளானுக்குள் இருக்கும் சின்ன ஆம்ப்ளிஃபயர் அந்த இழப்பை ஈடுசெய்யும் என்றாலும், உச்சியிலிருந்து பதினேழு பதினெட்டு மீட்டர் இழுப்பதைவிட மூன்று மீட்டரில் முடிப்பது எப்போதும் நல்லது. இன்னொன்று, இடி. ஐப்பசி கார்த்திகையில் சென்னைக் கடலில் மின்னல் முதலில் தேடுவது எதை என்று சொல்லவேண்டியதில்லை.

நண்பரோடு ஒருநாள் காசிமேடு போயிருந்தபோது, விசைப்படகு ஓட்டும் ஒருவரிடம் இதைப் பேச்சுவாக்கில் கேட்டோம். அவர் கணக்கெல்லாம் போடவில்லை. "அது மேல பாக்குற பெட்டி சார். ஒசரத்துல ஏத்துனா ஆடும், அவ்ளோதான். எங்களுக்கு கேபின் மேலயே போதும்" என்றார்.

எது மறைக்கும், எது மறைக்காது

சரி, கீழே வைப்போம். எவ்வளவு கீழே? இங்கே பொருள்களின் குணம் பேச வேண்டியிருக்கிறது.

ஜி.பி.எஸ்.ஸின் முதன்மை அதிர்வெண் 1575.42 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 19 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு சாண். ஒரு சாணைவிட மிக மெல்லியது எதுவும் இந்த அலைக்குப் பெரிய தடையில்லை. பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகள் பென்சில் கனம்தான். அவற்றின் பின்னால் நிழல் விழாது. அகலமான உலோகத் தகடு அப்படியில்லை; முழுக்க மறைக்கும். தகரக் கூரை போட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டை (எஸ்டேட்) பட்டறைக்குள் நுழைந்ததும் செல்போன் வரைபடத்தின் நீலப்புள்ளி ஊதிப் பெருத்துத் தடுமாறுவது இதனால்தான்.

பைபர் வேறு ஜாதி. கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த அந்தப் பொருள் மின்சாரத்தைக் கடத்தாது. ரேடியோ அலை அதற்குள் கண்ணாடியில் வெளிச்சம் போவதுபோலப் போய்விடும். விமானத்தின் மூக்குக்குள் இருக்கும் ரேடாருக்குக் கண்ணாடியிழை மூடி போடுவது அதற்காகத்தான். பைபர் படகில் மேல்தளத்துக்கு அடியில் ஆண்டெனாவை ஒளித்து வைத்தாலும் பெரும்பாலும் வேலை செய்யும். மழையும் உப்பும் படாது, காலிலும் இடறாது. ஆனால் மேல்தளம் கார்பன் இழையாக இருந்தால் கதை முடிந்தது. பார்வைக்கு இரண்டும் 'பைபர்'. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், ஆகவே அலையை மறித்துவிடும்.

பாய்? காய்ந்த பாலியெஸ்டர் துணி அலைக்கு இல்லாதது மாதிரி. அதே துணி மழையிலும் உப்புநீரிலும் ஊறித் தொங்கினால் கொஞ்சம் குடிக்கும். தண்ணீர்தான் இங்கே எதிரி. உப்புத்தண்ணீர் இன்னும் மோசம். அந்த வகையில் படகிலுள்ள மிகப்பெரிய தடைகளில் ஒன்று மனித உடம்பு. நாம் எல்லோரும் உப்புநீர் நிரம்பிய பைகள். ஆண்டெனாவைக் கைப்பிடிக்குப் பக்கத்தில் பொருத்தினால், சுக்கான் பிடிப்பவர் சாய்ந்து உட்காரும்போதெல்லாம் வானத்தின் ஒரு பங்கு மறையும். அதோடு, ஆடும் படகில் கை எட்டும் எதையும் மனிதன் பிடித்துத் தொங்குவான். காளான் முறிவது பெரும்பாலும் அப்படித்தான்.

இதைச் சோதிக்கப் படகு தேவையில்லை. செயற்கைக்கோள்களின் பட்டியலைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றைச் செல்போனில் போட்டுக்கொண்டு மொட்டைமாடிக்குப் போங்கள். ஒவ்வொரு கோளுக்கும் எதிரே டெசிபெல் கணக்கில் ஓர் எண் தெரியும். வெட்டவெளியில் நல்ல கோளுக்கு அது 40-ஐ ஒட்டி இருக்கும். மூன்று குறைந்தால் ஆற்றலில் பாதி போயிற்று. பத்து குறைந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். போனின் மேல் உள்ளங்கையை வையுங்கள். ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் பாருங்கள். பிறகு அதே இடத்தில் ஓர் எவர்சில்வர் அண்டா. வாளி, கை, அண்டா என்ற வரிசையில் எண்கள் சரிவதைப் பார்த்தால் மேலே சொன்ன மூன்று பத்திகளும் தேவையில்லை.

எதிரொலி என்னும் ஏமாற்று

மறைப்பதைவிட நுட்பமான தொல்லை, பிரதிபலிப்பு. பாடி மேம்பாலத்துக்கு அடியில் போகும்போது வரைபடம் நம்மைப் பாலத்துக்கு மேலே ஏற்றி, பக்கத்துச் சாலையில் இறக்கி, "யூ டர்ன் எடுங்கள்" என்று மல்லுக்கட்டும். பூந்தமல்லிச் சாலையில் மெட்ரோவின் தூண்களுக்கும் தளத்துக்கும் கீழேயும் இதே கூத்து. நேராக வரவேண்டிய அலையைக் கான்கிரீட் மறைத்துவிடுகிறது. எதிர்க் கட்டடத்தில் பட்டுத் தெறித்த அலை மட்டும் வந்து சேர்கிறது. அது கூடுதலாக நடந்த முப்பது மீட்டரையும் தூரத்தில் சேர்த்துக் கணக்குப் போட்டால், நாம் இல்லாத தெருவில் இருப்போம்.

கடலில் கட்டடம் இல்லை. ஆனால் கடலே ஒரு பெரிய கண்ணாடி. உப்புநீரின் பரப்பு அலையை நன்றாகவே தெறிக்கவிடும். இதற்கு வடிவமைப்பாளர்கள் முன்கூட்டியே ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஜி.பி.எஸ். அலை திருகாணி போல வலப்பக்கமாக முறுக்கிக்கொண்டு வருகிறது. கண்ணாடியில் நம் வலக்கை இடக்கையாகத் தெரிவதுபோல, தெறித்த அலையின் முறுக்கு இடப்பக்கமாக மாறிவிடும். வலமுறுக்கை மட்டும் வரவேற்கும்படி செய்யப்பட்ட ஆண்டெனா, இடமுறுக்கைப் பெருமளவு வாசலிலேயே நிறுத்திவிடும். அதோடு காளானின் அடியில் உள்ள உலோகத் தட்டு கீழிருந்து வருவதைத் தடுக்கும். ஆனால் படகோடு சேர்ந்து காளானும் மிகவும் சாய்ந்தால், பாதுகாப்பில்லாத விளிம்பு கடலைப் பார்க்கும். அதனால் முடிந்தவரை நிமிர்ந்து நிற்கும்படி பொருத்துவது நல்லது.

அண்டை வீட்டுக்காரர்கள்

நூறு மடங்கு தாழ்ந்த குரலைக் கேட்கும் காதுக்குப் பக்கத்தில் யார் நின்று கத்துகிறார்கள் என்பதும் முக்கியம்.

முதலில் ரேடார். அதன் கற்றை நேராகப் பாயும் மட்டத்தில் ஆண்டெனா இருக்கக் கூடாது. கற்றைக்கு மேலேயோ கீழேயோ இருக்கலாம். அடுத்து செயற்கைக்கோள் போன். இரிடியம் வகைப் போன்கள் பேசுவது 1616 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே, ஜி.பி.எஸ்.ஸிலிருந்து வெறும் நாற்பது மெகாஹெர்ட்ஸ் தள்ளி. இரண்டையும் ஒரே கம்பத்தில் அருகருகே வைப்பது, தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் தவில் வாசிப்பது. வி.எச்.எஃப். ரேடியோ 156, 157 மெகாஹெர்ட்ஸில் இருப்பதால் தொலைவில்தானே என்று நினைப்போம். அதன் பத்தாவது ஹார்மானிக், அதாவது பத்து மடங்கு அதிர்வெண், எங்கே விழுகிறது என்று பெருக்கிப் பாருங்கள்: 1560, 1570... ஜி.பி.எஸ்.ஸின் வாசற்படியில். பழுதான ரேடியோ ஒன்று பேச்சுப் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் ஜி.பி.எஸ்.ஸை அணைத்துவிட முடியும்.

இவற்றையெல்லாம் விட எனக்குச் சிரிப்பும் திடுக்கிடலும் தந்த சம்பவம் ஒன்று உண்டு. 2001-இல் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங் துறைமுகத்தில் ஜி.பி.எஸ். வேலை செய்யாமல் போனது. ஒரு படகில் இல்லை, துறைமுகம் முழுக்க. ஆராய்ச்சிக் கப்பல் ஒன்றிலிருந்து புகார் வர, அருகிலிருந்த கடற்படைப் பட்டமேற்படிப்புக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் அளவு கருவிகளோடு தேடி அலைந்தார்கள். ஒன்றைக் கண்டுபிடித்து அணைத்த பிறகும் தொல்லை தொடர்ந்தது. கடைசியில் குற்றவாளி யார் என்றால், உல்லாசப் படகுகளில் கடையில் வாங்கி மாட்டியிருந்த டி.வி. ஆண்டெனாக்கள், குறிப்பாக அவற்றோடு வரும் பூஸ்டர்! உள்ளே தானாகவே அதிர ஆரம்பித்த அந்தச் சின்ன ஆம்ப்ளிஃபயர், ஜி.பி.எஸ். அலைவரிசையிலேயே முனகிக்கொண்டிருந்தது. ஒரு துறைமுகத்தின் வானத்தை மூட அந்த முனகலே போதுமானதாக இருந்தது. எங்கள் மாடியின் பழைய பூஸ்டர் இப்போது உயிரோடு இருந்தால் தெருவில் எத்தனை ஷேர் ஆட்டோக்கள் வழிதவறியிருக்கும் என்று அன்று யோசித்தேன்.

தலைகீழான தொல்லையும் உண்டு. ரிச்சி தெருவில் லாரிக்கும் காருக்கும் விற்கும் ஜி.பி.எஸ். ஆண்டெனாவின் அடியில் பலமான காந்தம் இருக்கும். கூரையில் வைத்தால் ஒட்டிக்கொள்ள வசதி. மலிவு என்று அதை வாங்கிப் படகின் திசைகாட்டிக்குப் பக்கத்தில் வைத்தால், வடக்கு எது என்பதே மாறிவிடும். ஜி.பி.எஸ். ஒருநாள் அணைந்தால் கைகொடுக்க வேண்டிய ஒரே கருவியையும் ஜி.பி.எஸ்.ஸே கெடுத்ததாக ஆகும்.

நம் தலைக்கு மேலுள்ள வானம்

எல்லா ஊருக்கும் வானம் ஒன்று போல இல்லை. ஜி.பி.எஸ். கோள்கள் 55 டிகிரி அட்சரேகைக்கு மேல் வடக்கே ஏறுவதில்லை. 13 டிகிரியில் இருக்கும் சென்னையிலிருந்து பார்த்தால், நேர் வடக்கே அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 35 டிகிரி உயரம் வரை ஒரு வெற்றிடம். அங்கே எந்த ஜி.பி.எஸ். கோளும் வராது. தெற்கே அப்படிப்பட்ட வெற்றிடம் அடிவானத்தை ஒட்டி மட்டும்தான். மாடியில் செயலியைத் திறந்தால் இது படமாகவே தெரியும். அம்பத்தூர் வீட்டில் வடக்குச் சுவர் உயரமாக இருந்தால் நஷ்டம் குறைவு. தெற்குச் சுவர் உயர்ந்தால் அதிகம். படகு திரும்பிக்கொண்டே இருப்பதால் அதற்கு இந்தச் சலுகை இல்லை. சுற்றிலும் திறந்திருந்தாக வேண்டும்.

இங்கே நம் நாட்டின் வழிகாட்டிச் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக் வேறு வழியில் யோசித்திருக்கிறது. அதன் கோள்களில் ஒரு பகுதி பூமத்தியரேகைக்கு மேலே நிலையாக நிற்பவை. கிழக்குத் தீர்க்கரேகை 83 டிகிரிக்கு நேர் மேலே உள்ள இடம், சென்னையிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட உச்சந்தலை. 74 டிகிரி உயரம். எவ்வளவு நெருக்கமான கட்டடத்துக்கு நடுவிலும், படகு எவ்வளவு சாய்ந்தாலும், அவ்வளவு உயரத்தில் இருப்பதை மறைப்பது கடினம். 2013-இல் முதல் கோளை ஏவிய இந்தத் திட்டம் பின்னர் அணுக் கடிகாரக் கோளாறுகளோடு போராடி வந்திருக்கிறது. 2023 மே 29 காலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய என்.வி.எஸ்.-01 உள்நாட்டில் செய்த அணுக் கடிகாரத்தைச் சுமந்து சென்றதோடு, ஜி.பி.எஸ். பேசும் அதே 1575.42 மெகாஹெர்ட்ஸிலும் பேசத் தொடங்கியது. வானம் தெளிவாக இருந்தால் இந்தப் பக்கத்து மொட்டைமாடிகளிலிருந்து வடக்கே ராக்கெட் ஏறுவது தெரியும். ஒருகாலத்தில் தெற்கே இலங்கையை நோக்கிக் கம்பத்தைத் திருப்பிய மாடிகள் இவை.

தமிழ்நாட்டின் விசைப்படகுகளில் இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர்கள் ஏறிவருகின்றன. 2017-இன் ஒக்கிப் புயல், ஆழ்கடலில் இருப்பவருக்குச் செய்தி சொல்ல வழியில்லாததன் விலையைக் காட்டியது. புயல் எச்சரிக்கை, கடல் எல்லை, ஆபத்து அழைப்பு எல்லாம் இப்போது ஒரு பெட்டி வழியே போய்வரலாம். அந்தப் பெட்டிக்கும் இதே விதிகள்தான். அதன் மேல் வலையைக் குவித்தாலும், உலோகத் தகட்டுக்கு அடியில் தள்ளினாலும், உயிர்காக்கும் கருவி வெறும் டப்பா.

ஆண்டெனாவை எங்கே வைத்தாலும் தீராத பிழை ஒன்றும் நம் வானத்தில் இருக்கிறது. காந்தப் பூமத்தியரேகை திருநெல்வேலிப் பக்கமாகப் போகிறது. அதை ஒட்டிய வானத்தின் அயனிமண்டலத்தில், சூரியன் மறைந்த பிறகு, குறிப்பாக பங்குனியிலும் புரட்டாசியிலும், குமிழிகள் எழும்பும். அவற்றைக் கடந்து வரும் அலை, நட்சத்திரம் மினுக்குவதுபோல மினுக்கும். சில கோள்கள் திடீரென அணைந்து எரியும். சூரியன் கொந்தளிக்கும் ஆண்டுகளில் இது கூடுதல். அந்த நேரத்தில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஆண்டெனாவை மாற்றப் போவதில் பயனில்லை.

திரையில் இருப்பது யாருடைய இடம்?

கடைசியாக ஒன்று. ஜி.பி.எஸ். படகின் இடத்தைச் சொல்வதில்லை. தன் ஆண்டெனா இருக்கும் இடத்தைச் சொல்கிறது. ஒன்பது மீட்டர் படகில் இந்த வித்தியாசம் சிறிது. முன்புறம் நங்கூரம் போட்டுவிட்டு, பின்புறத்து ஆண்டெனாவை வைத்துக் காவல் வட்டம் வரையும்போது படகின் நீளத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவே. ஆனால் சென்னை, காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கு வரும் பெரிய சரக்குக் கப்பல்கள் முன்னூறு மீட்டர் நீளம் இருக்கலாம். அதனால்தான் தன் இடத்தைப் பிற கப்பல்களுக்கு அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவியில், ஆண்டெனா முன்முனையிலிருந்து எத்தனை மீட்டர், பின்முனையிலிருந்து எத்தனை, இடமும் வலமும் எத்தனை என்று நான்கு எண்களைப் பதிய வேண்டும். அதைத் தவறாகப் பதிந்தால் கப்பலின் மூக்கு வேறொரு கப்பலின் திரையில் இருநூறு மீட்டர் பின்னால் இருக்கும்.

நண்பரின் படகில் முடிவு இப்படி ஆனது. பின்புறக் கைப்பிடிக் கம்பியின் ஒரு மூலையில், உட்காருபவரின் தோளுக்குச் சற்று மேலே தலை நீட்டும்படி ஒரு குட்டைக் கம்பம். வி.எச்.எஃப். உச்சியில், இது கீழே. திசைகாட்டியிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி. பாய்க்கயிறு சிக்காத பக்கம். துருப்பிடிக்காத எஃகில் ஒரு துண்டு பைப்பை எஸ்டேட்டில் வெட்டு மிச்சமாக வாங்கி, நண்பரே அளந்து, மரைபோட்டு, நாலு போல்ட்டில் இறுக்கினார். டாங்க் செய்த கைக்கு இது அரைமணி வேலை.

பொருத்தி முடித்ததும் எனக்கு அந்த இருபது அடிக் கம்பம்தான் நினைவில் வந்தது. அதை நாங்கள் உயரத்துக்காக ஏற்றியதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். உண்மையில் அது எங்கிருந்து அலை வருகிறதோ அதற்கு வழிவிட்டு நிற்பதற்காக ஏறியது. அன்றைக்கு அலை தெற்கேயிருந்து கிடையாக வந்தது. வழிவிட உயர வேண்டியிருந்தது. இது மேலிருந்து வருகிறது. ஒதுங்கி நின்றால் போதும்.

கரையில் கட்டியிருந்த படகு மெதுவாக ஆடியது. நண்பர் திரையைப் பார்த்தார். வேகம் சுழியத்தை ஒட்டி நின்றது. தலையை நிமிர்த்திப் பாய்மர உச்சியைப் பார்த்தார். அது வானத்தில் இப்படியும் அப்படியும் கோடு கிழித்துக்கொண்டிருந்தது.